பின்பக்கத்துப் பென்டிரைவ்

கணினியில் இயங்குதளத்தை ஏற்றுவது அரைநாள் வேலை. ஏற்றியவரைச் சந்தேகிக்காமல் வாடிக்கையாளர் வீடு திரும்பும்படி செய்யத்தான் ஆயுள் போதாது. இத்தொழிலில் அகப்பட்டுக்கொண்ட சக துன்பவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்ட பிறகு, வண்டிப்பெரியாரில் ஒரு கடை மாடியில் கணினி பொருத்தித் தருகிறேன். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்கு மேக் இயங்குதளம் வேண்டும். அதற்குரிய கணினியை வாங்க வசதி இல்லை. ஆகவே, உதிரிகளைக் கொண்டு நானே பொருத்திய கணினியில், அந்த இயங்குதளத்தைச் செய்தவர்களின் அனுமதி இல்லாமல், அதை ஓட வைக்கிறேன். செய்யும் காரியத்தில் பெருமை இல்லை; செய்யும் நேர்த்தியில் உண்டு.

அறிவிப்புத் தாள்

வாங்குபவர் ஒவ்வொருவரும் நான் எழுதிய தாள் ஒன்றைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். இது அசல் அன்று. புதுப்பிக்கலாமா என்று திரை கேட்டால் சம்மதிக்கக் கூடாது. பழுதானால் எந்த நிறுவனமும் வராது, நான்தான் வருவேன். படிக்காமல் கையெழுத்திடுபவரை நான் சந்தேகிப்பேன். படிப்பவர்கள் என்னைச் சந்தேகிக்கிறார்கள். ஸ்டுடியோ வைத்திருக்கும் பாண்டி இருமுறை படித்துக் கையெழுத்திட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"இம்புட்டுக் குறையையும் நீங்களே சொல்லி விக்கிறீக. சொல்லாத குறை எம்புட்டு இருக்கும் டீச்சர்?"

காரணம் சொல்லாத கட்டளை

பாண்டியின் கணினியில் தொடக்கக் கோப்புகளை ஒரு சிறு பென்டிரைவில் வைத்து, பின்பக்கத்தில் செருகியிருந்தேன். அது இருந்தால்தான் கணினி கண் திறக்கும். திறந்துவிட்டால் அப்புறம் அதற்கு வேலை இல்லை. "இதைத் தொடக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். எடிட்டிங் செய்பவர் பாண்டியின் மனைவி செல்லக்கனி. அவர் காரணம் கேட்டார், நான் சொல்லவில்லை. என் முறையைக் கற்றுக்கொண்டு எதிர்க்கடை போடக் குமுளியிலும் கம்பத்திலும் ஆட்கள் காத்திருந்தார்கள் என்பது என் கணிப்பு. சொன்னால் மாலைப் பேருந்தில் செய்தி மலை இறங்கிவிடும். செல்லக்கனி அந்தப் பென்டிரைவைச் சுட்டிக்காட்டினார்.

"தொடாதேங்கிறாக, ஏன்னு சொல்ல மாட்டேங்கிறாக. அப்ப அது சாமியா, பூதமா?"

மினுக்கும் விளக்கு

இதைப் பின்னால்தான் அறிந்தேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் சுடலைமுத்துவின் மகள் கல்யாணத்துக்கு, இரண்டாவது கேமராவுக்காகப் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்திலிருந்து பழனிச்சாமி என்பவரைப் பாண்டி வரவழைத்தார். கல்யாணம் முடிந்து படங்களைக் கணினியில் இறக்கியபோது, பின்பக்கத்து நீல விளக்கு பழனிச்சாமியின் கண்ணில் பட்டது. அவர் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டார். கேட்ட கேள்வி பாண்டியிடமே தங்கிவிட்டது.

"ஏனுங்க பாண்டி, பொறத்தால ஒண்ணு மினுக்கு மினுக்குங்குதே, உங்க ஊட்டுப் பேச்சையெல்லாம் அது புடிச்சு அந்த டீச்சருக்கு அனுப்புதுங்களா?"

கறுப்புத் திரை

பாண்டி கணினியை அணைப்பதே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, பெருமழையில் மின்சாரம் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டது. மின்சாரம் திரும்பியபின் கணினி திறக்கவில்லை. கல்யாணப் படங்கள் அதற்குள் மட்டுமே இருந்தன. கேமராக் கார்டுகளை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டார்கள்.

பெண் வியாழனன்று கணவனோடு வளைகுடாவுக்குப் புறப்படுகிறாள். அவளுடைய தாய்மாமன் அய்யாத்துரையோ, மணவறையில் தனக்கு மாலை போடவில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். போட்டதைக் கண்ணால் பார்க்காமல் வழியனுப்ப வரமாட்டேன், தங்கை வீட்டு வாசலையும் இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாண்டி அழைத்து நான் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது சுடலைமுத்து எழுந்து நின்றார்.

"என் கையால நாந்தான் மாலை போட்டேன் டீச்சர். இந்தக் கறுப்புக் கண்ணாடியக் காட்டுனா மச்சான் நம்புவாரா, நீங்களே சொல்லுங்க!"

விசாரணை

கணினியின் பின்பக்கம் பார்த்தேன். பென்டிரைவ் இல்லை. "எந்தப் பென்டிரைவ்?" என்றார் பாண்டி. தேர்வறையில் நான் பல்லாண்டு கண்ட முகம் அது. அந்தப் பென்டிரைவின் நகல் என் கைப்பையில் இருந்தது, வெளியே எடுக்கவில்லை. முறையை வேறு கடைக்காரருக்கு விற்றிருப்பார் என்றே எண்ணினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, உண்மை வரும்வரை எழப்போவதில்லை என்று அறிவித்தேன். சுடலைமுத்துவும் பாண்டியையே பார்த்தார். இருவர் பார்வையைப் பாண்டியால் தாங்க முடியவில்லை.

"பெரியாத்துல வீசிட்டேன் டீச்சர். ஒட்டுக் கேக்குற சாமானாவே இருந்தாலும், தண்ணிக்குள்ள என்னத்தக் கேக்கும்?"

சிரிப்பு வரவில்லை, நான் மறைத்த காரணத்தின் இடத்தில் அவர் ஒரு காரணத்தைச் செய்து வைத்துக்கொண்டார். அதில் பாதிக் குற்றம் என்னுடையது என்பதை மறுக்க வழியில்லை. பென்டிரைவ் எதற்கு என்பதை இரண்டே வாக்கியங்களில் சொன்னேன். செல்லக்கனி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இம்புட்டுத்தானா? இத அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்த மனுசன் கைய நானே கட்டிப் போட்டிருப்பேனே!"

மாலை

நகலைச் செருகினேன், கணினி திறந்தது, படங்கள் பழுதின்றி இருந்தன. அய்யாத்துரையை அழைத்துவந்தார்கள். திரையில் சுடலைமுத்து அவர் கழுத்தில் மாலை போட்டார். அய்யாத்துரை அசையவில்லை. "மெஷினே அசல் இல்லையாம்; அது காட்டுறது மட்டும் அசலாக்கும்?" என்றார்.

காட்சியை நிறுத்திப் பெரிதாக்கச் சொன்னேன். மாலையும் கழுத்துமாக நின்ற அய்யாத்துரை, நழுவிய வேட்டியை இடக்கையால் இறுகப் பிடித்திருந்தார். அந்த அவஸ்தை அவரைத் தவிர வேறு எவருக்கும் தெரிந்திருக்க நியாயம் இல்லை. "போதும், போதும், சின்னதாக்குங்க" என்றார். வியாழனன்று வழியனுப்ப வந்து, பெண்ணின் பெட்டியையும் தாமே தூக்கி ஜீப்பில் வைத்தார். ஆனால் ஜீப் கிளம்புமுன் என்னைத் தனியே அழைத்தார்.

"மாலை போட்டது நெசந்தான் டீச்சர். எனக்காகப் போட்டாரா, கேமராவுக்காகப் போட்டாரா, அத எந்த மெஷின்ல பாக்கலாம்?"

இப்போதெல்லாம் எதைத் தொடக் கூடாது என்பதோடு ஏன் கூடாது என்பதையும் விளக்கியே விற்கிறேன். கேட்டுவிட்டுப் போகிறவர்கள், டீச்சர் இவ்வளவு விளக்குவதற்கு உள்நோக்கம் என்னவாக இருக்கும் என்று பேருந்து நிறுத்தத்தில் நின்று விவாதிக்கிறார்கள்.