புண்ணாக்கு தின்ற மீன்

மகள் போன பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சோற்றில் உப்பில்லை என்பது மனைவி சொல்லித்தான் தெரியும். புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்கள் காட்டில் ஒரு மீன்குட்டை இருக்கிறது. அங்கே மீன் எடுக்க வரும் சேலத்துப் பாயின் மகனைத்தான் என் மகள் கட்டிக்கொண்டாள். கறந்த பால் மடி புகுமா என்று ஊரார் சொன்னபோது தலையாட்டினேன். பாயோடு வியாபாரத்தை நிறுத்தினேன். கோபம்கூட ஒழுங்காக வரவில்லை.

சுற்றிலும் கோழிப்பண்ணைகள். கறிக்கடைக் கழிவு சும்மாவே கிடைக்கும். அதைத்தான் மீனுக்குக் கொட்டிவந்தேன். பாய் கடைக்கு எடுப்பார், வீட்டுக்கு எடுக்கமாட்டார். "கோழிக்குடல் தின்ன மீன் எங்க வீட்டுச் சட்டியில ஏறாதுங்க" என்பார். என் மகளுக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது.

ஒரு நாள் காலை கழிவு கொண்டுவருபவனை இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கடலைப்புண்ணாக்கை ஊறவைத்து, தவிட்டோடு பிசைந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டிக் குட்டையில் தொங்கவிட்டேன். அகத்திக்கீரையும் அரிந்து போட்டேன். குடலுக்குப் பழகிய மீன்கள் சாக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஏனுங்க, மீனுக்குப் பொரட்டாசி வெரதமா?" என்றாள் மனைவி.

"நாத்தம் தாங்கல" என்றேன். இத்தனை வருஷம் தாங்கிய நாற்றம்தான். மறுநாளிலிருந்து புண்ணாக்கை அவளே ஊறவைத்தாள்.

பசி வந்ததும் மீன்கள் சாக்கை முட்டத் தொடங்கின. எடை ஏற முன்பைவிட நாளானது. பிடிக்கும் பதம் வந்ததும், லாரி டிரைவர் ஒருவரிடம் பாய்க்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். என் மகளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"தீவனம் என்னங்க?" என்றார்.

"புண்ணாக்கு, தவிடு, அகத்தி. கோழிக்கழிவ நிறுத்தி ஒரு வருசமாச்சுங்க பாய்."

செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். எல்லாம் எடை போட்டு முடிந்ததும், ஒரு கட்லாவை மட்டும் தனியே ஈரச்சாக்கில் சுற்றினார்.

"இது வீட்டுக்கு. பேத்திக்குப் பல்லு மொளைச்சிருச்சு. இனி மீன் ஊட்டலாம்."

குழந்தை பிறந்ததையே எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கும் என்று நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கை மட்டும் தராசைப் பிடித்துக்கொண்டது. அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"பாய்" என்றேன். "வால் பக்கம் பொடி முள்ளுங்க. வயித்துப் பக்கமாப் பாத்து ஊட்டச் சொல்லுங்க."