ரோசி அக்காளின் காலிக் கல்லறை

தையல் மிஷினை வேகமாக மிதித்தால் வருமே, அந்தச் சத்தம் இரும்புலியூர் வானத்தில் கேட்டதும் எதிர்வீட்டு டீச்சரம்மா உலையில் அரிசி போடுவார். அவருடைய மகள் ரோசி அக்கா, எங்கள் தெருவின் மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் மீனம்பாக்கத்தில் இறங்குவாள். ரயிலேறி அவள் வீடு வருவதற்கும் சோறு வடிவதற்கும் சரியாக இருக்கும். தனியாக விமானம் ஓட்டும் பெண்ணை எங்கள் பக்கத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் நாங்கள் 'ஏரோப்ளேன் அக்கா' என்போம். அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்த என் அம்மா, "இன்னா பொண்ணும்மா இது, தரையில காலே பாவமாட்டேங்குது" என்று சிரிப்பாள். அக்காளின் வெள்ளைச் சட்டைகளை வெளுத்துக் காயப்போட்டது நாங்கள்தான் என்ற பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

பிறகு அக்காளுக்குக் கடல் பிடித்துப்போயிற்று. பாய்மரப் படகில் தன்னந்தனியே பினாங்கு வரை போய்த் திரும்புவேன் என்றாள்.

"ப்ளேன்ல பெட்ரோல் தீந்தா எறங்கித்தானேம்மா ஆகணும்? படகுல காத்து இருக்கிற வரைக்கும் போயிக்கிட்டே இருக்கலாம்."

"போறதச் சொல்ற. வர்றதச் சொல்லுடி" என்றார் டீச்சரம்மா.

ஒரு பங்குனியில் போனாள். படகுக்குச் சத்தம் கிடையாது. எப்போது உலை வைப்பது என்று தெரியாமல் டீச்சரம்மா வேளாவேளைக்கு ஒரு பிடி அரிசி கூடப் போட்டார். மிஞ்சியது எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தச் சோற்றில்தான் நான் வளர்ந்தேன்.

சில வருஷம் பார்த்துவிட்டு, அக்காளின் தம்பி அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ரோசி என்று பெயர் வெட்டி ஒரு கல் நட்டார். கல்லறைத் திருநாளில் எல்லோரும் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். டீச்சரம்மா கணவருக்கு ஏற்றினார், கேட்பாரற்ற கல்லறைகளுக்கெல்லாம் ஏற்றினார், அந்தக் கல்லுக்கு மட்டும் ஏற்றவில்லை. பூசையில் ரோசியின் பெயரையும் வாசிக்கலாமே என்று சாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வெளியூரு போனவளுக்கு எதுக்கு ஃபாதர் செத்தவங்க பூசை?"

சாகும்வரை அதே பதில்தான்.

அவர் செத்தது ஐப்பசி அடைமழையில். எங்கே தோண்டினாலும் குழியில் தண்ணீர் ஊறியது. மேட்டில் இருந்தது அந்தக் காலி இடம் ஒன்றுதான். "அக்கா எடந்தான் சும்மா இருக்கே" என்றார் மகன். மகளின் பெயருக்குக் கீழே தாயைப் புதைத்தார்கள். வேறு கல் வைக்கிறேன் என்ற மகன் வெளிநாடு போனவர்தான், திரும்பவில்லை.

இப்போது அந்த வீடு அடுக்குமாடி ஆகிவிட்டது. எங்கள் குடிசை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. திருநாளுக்குத் திருநாள் நான்தான் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். போன தடவை பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த பெண், "ரோசி உங்களுக்கு யாரு பாட்டி?" என்றாள்.

"உள்ளே கீறது ரோசி இல்லம்மா, அவங்க அம்மா" என்றேன். அவள் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாவம் வயசானவள் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனாள்.

எனக்குப் பின் அந்தக் கல் சொல்வதே நிலைக்கும். மகள் கரையேறி வந்து செத்ததாகிவிடும். அவளுக்காகக் காத்திருந்தவர் ஒருவர் இருந்தார் என்பதற்கு அடையாளமே இராது.