மாடி வீட்டோடு போட்ட சண்டை

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சாயங்காலமானால் தொம் தொம்மென்று ஒரே குதி. ஒருநாள் பொறுமை போய், காலி பண்ணச் சொல்லிவிடும் முடிவோடு படியேறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே போய்க் கையை வீசி வீசிக் கத்தினேன்.

"கீழ மனுஷங்க இருக்கறதா வேணாமா? சத்தம் ரொம்ப ஜாஸ்தியாப் போச்சு!"

பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்தார்கள். கேமரா முன்னால் நின்று குதித்தால், கையசைத்தால் திரையில் பாட்டுக் கச்சேரி நடக்கும் விளையாட்டு அது. நான் கை வீசிய வீச்சுக்கெல்லாம் திரையில் ஒருத்தி டிரம்ஸை விளாசிக்கொண்டிருந்தாள். பாயின்ட் ஏறிக்கொண்டே போனது.

"நிறுத்தாதீங்க ஆன்ட்டி, ஜெயிக்கப் போறோம்!" என்று சின்னவள் கெஞ்சினாள்.

போதும் என்று சொல்லத்தான் கையைத் தூக்கினேன். அதற்கும் டிரம்ஸில் ஓர் அடி விழுந்தது. பிறகு பாட்டு முடியும்வரை நான் நிறுத்தவில்லை. என் கோபம் எந்த அடியில் போனதென்று இன்றுவரை தெரியவில்லை.

வியர்த்துப்போய்க் கீழே வந்தேன்.

"காலி பண்ணச் சொல்லிட்டியா?" என்றார் கணவர்.

"எங்க சொல்ல விட்டாங்க? நாளைக்கும் போவணும்" என்றேன்.