காற்று கழற்றிய பெயர் அட்டைகள்

எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள பொட்டலில் உடைமுள்ளைத் தவிர வேறெதுவும் நின்று நான் பார்த்ததில்லை. ஆற்றுப் பக்கம் வயலெல்லாம் பச்சையாய்க் கிடக்கும். இந்தப் பக்கம் ஆடு ஒதுங்கக்கூட நிழல் கிடையாது. போன ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அங்கே வேம்பும் புங்கையுமாக நட்டார்கள். கன்றுக்கு ஒரு குச்சி, குச்சியில் நட்ட பிள்ளையின் பெயர் எழுதிய அட்டை. அவரவர் கன்றுக்கு அவரவர் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எனக்கு எழுத்து தெரியாது. பஸ்ஸைக்கூட டிரைவர் முகத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன். ஒரு தடவை டவுணுக்கென்று ஏறி கங்கைகொண்டானில் போய் இறங்கினேன், அது வேறு கதை.

என் பேத்தியின் வேம்பு மட்டும் அடியில் பாறை ஓடுகிற இடத்தில் அகப்பட்டுக்கொண்டது. ஆனி பிறந்ததும் இலையெல்லாம் கொட்டிவிட்டது.

"அது பட்டுப்போச்சுன்னா வகுப்புல எப்படி ஆச்சி முழிக்க?" என்று தினமும் ஒரு பாட்டம் அழுவாள்.

ஆடிக் காற்றில் அட்டைகள் கழன்று முள்ளில் போய் மாட்டிக்கொண்டன. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் தேடுமே என்று எல்லாவற்றையும் பொறுக்கி, குச்சிக்கு ஒன்றாகக் கட்டிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரே ரகளை. பேத்தியின் அட்டை கொழுத்த புங்கையில் ஆடியது. மொட்டை வேம்பு எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் போயிருந்தது. அவளும் என் பேத்தியின் வகுப்புதான்.

"யாரு ஆச்சி இப்படி மாத்திக் கெட்டுனது?"

"நாந்தான். கோழி கிண்டுன மாதிரி எழுதி வச்சிருக்கிய, எனக்கு என்ன தெரியும்?"

எது யாருடையது என்று பிள்ளைகளுக்குள் பேச்சு முடிகிறபாடில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே, "அப்படியே இருக்கட்டும்" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அட்டையில் பெயர் இருக்கிறதே என்று எதிர்வீட்டுப் பிள்ளை வேம்புக்கு ஊற்றுவாள். அவள் போனதும், மனசு கேட்காமல் என் பேத்தி ஒரு குடம் ஊற்றுவாள். எல்லாப் பிள்ளைகளும் இதே திருட்டு வேலைதான். ஒவ்வொரு கன்றும் இரண்டு குடம் குடித்தது.

ஆவணியில் ஒருநாள் வேம்பு செம்புநிறத்தில் துளிர்த்திருந்தது. உடனே சண்டை.

"ஏட்டி, அட்டையில எம் பேருல்லா இருக்கு."

"குழி தோண்டுனது யாரு, உங்க தாத்தாவா?"

தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

"கைநாட்டுக்காரிட்ட வந்து பேரு கேக்கிய. நாளைக்கு யாரு மொதல்ல ஊத்துதாளோ, அவளுக்கு," என்றேன்.

நாளை வரைக்கும் யார் பொறுத்தார்கள்? இரண்டு பேரும் அப்போதே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள்.