தைலம் பட்ட ஏலக்காய்

அவளுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. நான் முதலில் பார்த்தது அதைத்தான். காது கேட்காது, பேச்சு வராது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

போடிக்கு ரயில் வராத காலம். எனக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும். சிறு பிள்ளையில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய், கம்பு ஊன்றித்தான் நடப்பேன். அந்த வருஷம் மலையில் காய்ப்பு அமோகம். திடமான பெண்களையெல்லாம் கங்காணிகள் ஏலக்காய் பறிக்க மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போடியில் ஒரு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் காய் குவிந்து கிடந்தது. தரம் பிரிக்க ஆளில்லை. அங்கே பெண்களை மேய்த்துக்கொண்டிருந்தவள், எல்லோருக்கும் அக்கா, மலையேற முடியாத பெண்கள் இருந்தால் அனுப்புங்கள், நான் பழக்கிக்கொள்கிறேன் என்று சுற்று ஊர்களுக்குச் சொல்லிவிட்டாள். சிலமலையிலிருந்து நான் போனேன். குரங்கணியிலிருந்து அவள் வந்தாள். காட்டில் யானை வந்தால் கூப்பாடு போடுவார்கள். அது காதில் விழாத பெண்ணை எப்படிக் கூட்டிப்போவது என்று கங்காணிகள் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மாசி வரைக்கும் இருவரும் பழக வேண்டும். அதன் பிறகு காய் வரத்து குறைந்துவிடும் என்பதால் ஒருத்திக்குத்தான் நிரந்தர இடம். இதை அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அந்த இடம் எனக்கு வேண்டும். வீட்டில் அண்ணன் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், என் அப்பா வயது, தாயில்லாப் பிள்ளைகள் ஒரு கூட்டம். நொண்டிக்கு இதுவே பெரிய காரியம் என்று மதினி வாய்விட்டே சொன்னாள். நான் அழுத அழுகையில், வேலை நிலைத்தால் இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் பங்குனியில் தாலி என்று அண்ணன் முடித்துவிட்டார்.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. கொழுத்த பச்சைக் காய் ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், வெடித்ததும் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கும் இன்னொரு பக்கம். எனக்கு அக்கா அதை வாயால் சொல்லித் தந்தாள். பாதி சொல், பாதி வசவு. அவளுக்கு வாயால் சொல்ல முடியாதே. பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்து, விரலோடு விரல் வைத்துக் காயை எடுத்து எடுத்துப் போட்டுக் காட்டினாள். நாள் முழுக்க இது நடந்தது. எனக்கு வயிறு எரிந்தது. காது கேட்கிற பாவத்துக்கு என்னைத் தொட்டுச் சொல்லித்தர ஆளில்லை.

அதோடு போனதா? காய்க்கூடையை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டங்கியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். எனக்குக் கூடையை யாராவது கொண்டுவந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் அவள்தான் வைப்பாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு ஆகாது. மற்ற பெண்கள் அவளுக்கு அவல் கொடுத்தார்கள், தலை வாரிவிட்டார்கள், தங்கம் தங்கம் என்றார்கள். தங்கத்துக்கு அது காதில் விழவா போகிறது? எனக்கு விழுந்தது, ஒவ்வொரு தடவையும்.

கிட்டங்கியில் ஒரு சட்டம் உண்டு. ஏலக்காய் தன் வாசனையை ஊருக்குக் கொடுக்கும். அடுத்த வாசனை எதுவானாலும் சட்டென்று வாங்கியும் கொள்ளும். அதனால் பூ வைத்து வரக்கூடாது, புகையிலை கூடாது, கருவாட்டுச் சோறு கூடாது, கையில் எண்ணெய் படக்கூடாது. தினம் காலையில் நாங்கள் உள்ளே நுழையும்போது அக்கா இதை ஒப்பிப்பாள். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போயிருந்தது.

நாள் பூராவும் சம்மணம் போட்டு உட்காருவதில் என் கால் மரத்து, முழங்கால் குடைந்தெடுக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இடம் போய்விடும். அவள் மட்டும் கவனித்திருக்கிறாள். கார்த்திகைக்கு ஊருக்குப் போய்வந்தவள், ஒரு மூங்கில் குழாயில் மலைத் தைலம் கொண்டுவந்தாள். மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு கிட்டங்கிக்குப் பின்னால் என்னை உட்கார வைத்து, கேட்காமல் கொள்ளாமல் என் காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தாள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன். அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. இவள் கொண்டுவந்த தைலம் கேட்டுவிட்டதே என்று அதற்கும் ஆத்திரம் வந்தது.

அந்தச் சுகத்தில் சட்டமெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. வேண்டுமென்று மறந்ததாக நினைக்க வேண்டாம். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் முதல் தரக் காயின் முன்னால் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் முதலாளி வந்து குவியலில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். முகம் மாறியது. அக்காவிடம் நீட்டினார். அக்கா வரிசையில் முதல் பெண்ணிலிருந்து ஒவ்வொருத்தி கையாக முகர்ந்துகொண்டே வந்தாள். அவளிடம் வந்து நின்றாள். அவளோ ஏதோ புதிதாகச் சொல்லித்தரப் போகிறார்கள் என்று நினைத்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டிக்கொண்டு சிரித்தாள்.

பெண்கள் எல்லோரும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இடம் எனக்கு. ஆனால் அந்த உச்சுக்கொட்டலை என்னால் தாங்க முடியவில்லை. இவள் வெளியே போகும்போதும் ஊர் அழ வேண்டுமா? நான் மிச்சம் விழுந்தவளாக உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டுமா? சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினேன்.

"என் காலுக்குத்தேங்க்கா தேய்ச்சா," என்றேன்.

அக்கா குனிந்து என் முழங்காலை முகர்ந்தாள். நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சட்டத்தை அவளுக்கு நான் சொல்லித் தரல. கையைப் பிடிச்சு எல்லாத்தையும் காட்டுனேன், இதை மட்டும் வாயாலயே சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். அது என் தப்பு. உனக்குக் காது கேக்குமுல்ல ஆத்தா?"

முதலாளி தலையாட்டினார். மாசி வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை; அன்றைக்கே இடம் அவளுக்கென்று முடிவாகிவிட்டது. நான் கம்பை எடுத்துக்கொண்டு வண்டியேறினேன். மறுநாளே அண்ணன் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

தை பிறந்து ஒரு நாள் காலையில் வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் அவள். தலையில் ஒரு மூட்டை. போடியிலிருந்து அத்தனை தூரமும் நடந்தே வந்திருக்கிறாள். கூட வந்த அவள் சித்தி விஷயத்தைச் சொன்னாள். வெடித்த காயையும் கழிவுக் காயையும் உடைத்து உள்ளிருக்கும் விதையை, ஏலரிசியை, எடுத்து நாட்டு மருந்துக் கடைகளுக்கு விற்பார்களாம். இவள் தினமும் முதலாளி முன்னால் போய் நின்றுகொண்டு, அந்தக் குவியலைக் காட்டுவதும் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டுவதுமாக இருந்தாளாம். கடைசியில் அவர், உடைக்கிற வேலையை எனக்கே கொடுத்துவிடலாம், சரி என்றாராம். மருந்துக் கடைக்குப் போகிற சரக்குத்தானே, தைல வாடை அடித்தால் அடிக்கட்டும் என்று அக்காவும் சொல்லிவிட்டாளாம். இனி வாராவாரம் மூட்டையை இவளே கொண்டுவருவாள். உடைத்த அரிசியை இவளே வாங்கிப் போவாள்.

அண்ணன் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாமென்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று மதினியிடம் முனகினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதையும் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள்.

மதினி அவளுக்கு மோர் கொடுத்தாள். எனக்கு ஒரு நாளும் இல்லாத உபசாரம். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுற்றி நின்றுகொண்டு, எம்புட்டு நல்ல பிள்ளை, எம்புட்டு தூரம் நடந்து வந்திருக்கு என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். அவள் கிளம்பியபோது வழியனுப்ப எல்லோரும் தெருக்கோடி வரைக்கும் போனார்கள், அண்ணனும்கூட. அவ்வளவு வெரசாக எழுந்து போக என்னால் ஆகாது. மூட்டையைப் பிரித்து முதல் காயை உடைத்தேன்.