தம்பியின் பங்கு

றிச்மண்ட் ஹில்லில் ஒரு தாய்லாந்துக் கடையைக் கடக்கையில், இடித்த பச்சை மாங்காயும் மீன்சாறும் கலந்த மணம் வந்து, பார்க்டேலில் நாங்கள் முதலில் குடியிருந்த, இப்போது இல்லாத கட்டடத்தில் அம்மா சமைத்த குசினிக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

தொண்ணூறுகளில் கனடாவுக்கு வரும் வழியில், தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் நகரில் நாங்கள் நால்வரும் அடைந்து கிடந்தபோது, வீட்டுக்காரப் பெண்ணிடம் அம்மா பழகிய சம்பல் அது. காசு வாங்கி எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அம்மாவையும் என்னையும் முதலில் அனுப்பினான். அப்பாவும் தம்பியும் அடுத்ததாக வருவார்கள் என்றான்.

பார்க்டேலில் ஞாயிறுதோறும் அம்மா, கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காமல் பழைய போர்வையை மடித்து அதன்மேல் உரலை வைத்து, மாங்காய்ச் சீவலை உள்ளியோடும் சீனியோடும் மெல்ல இடிப்பார். சியாங் மாய் வீட்டுக்காரப் பெண் மிளகாயைத்தான் முதலில் இடிப்பாள். அம்மா அதைக் கடைசிவரை தள்ளிவைப்பார்.

“தம்பி உறைப்புத் தின்னமாட்டான். அவன்ர பங்கை முதல் எடுத்து வை, பிள்ளை.”

நான் அதை நீலக் கோப்பையில் எடுத்து பிரிட்ஜுக்குள் வைப்பேன். அடுத்த ஞாயிறு கொட்டிக் கழுவுவேன்.

சியாங் மாயிலிருந்து ரெலிபோன் வருவது நின்றுபோனது. ஏஜென்சிக்காரனும் அகப்படவில்லை. பிறகொரு மாரிகால ஞாயிறு, கழுவிய கோப்பையோடு நான் பக்கத்தில் நிற்க, அம்மா வெறும் உரலுக்குள் முதலில் மிளகாயைப் போட்டார்.