மூடி பேசாத கெண்டி

டீக் கெண்டியில் பாதி வயிறு தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லி, அதைக் கை நீட்டித் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ண ஆரம்பித்தார் ஹம்தம் உஸ்தா. ஆறு வருவதற்குள் மூடி கிடுகிடுத்தது. "இது ஆவாது" என்று கீழே வைத்துவிட்டு அலமாரியில் அடுத்ததைக் காட்டினார்.

கோகந்த் பஜாரில் பீங்கான் கடை வைத்திருக்கும் ஸனோபருக்கு இது மூன்றாவது ஞாயிறு. பொறுமைசாலிதான், ஆனாலும் அவளுக்கும் வாய் உண்டு. "அகா, நீங்க கெண்டி வாங்க வந்தீங்களா, மருமக பாக்க வந்தீங்களா? பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தன தடவ ஏற எறங்கப் பாக்க மாட்டாங்க."

"மருமக எதிர்த்துப் பேசினாக்கூடப் பொறுத்துக்கலாம் தங்கச்சி. கெண்டி மூடி பேசக் கூடாது."

அவள் சிரித்தாள். கூடப் போயிருந்த நானும் சிரித்து வைத்தேன். ஆடியது மூடி இல்லை, கை என்பது எனக்குத் தெரியும். ஹம்தமின் தொழில் சவரம். கைத்தொழிலில் தேர்ந்தவரை நாங்கள் உஸ்தா என்போம். முப்பத்தெட்டு வருடமாக அவருக்கு அந்தப் பெயர். பஜாரில் பாதிப்பேரின் கழுத்தை அவர் கத்தி அறியும்.

செம்புக் கொல்லர் வரிசையின் முடிவில் அவர் கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வெந்நீரை முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்த பிறகுதான் நம் முகத்துக்குக் கொண்டுவருவார். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு படிகாரக் கட்டி இருக்கும், கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும். கவலைப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடையைப் பூட்டி இருபது அடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருவில் யாராவது சலாம் சொல்ல மறந்துவிட்டால், அன்றைக்கு அவர் மனைவி மஸ்தூராவுக்கும் சோறு இறங்காது. "ஏன் சொல்லல? நான் என்ன பண்ணினேன் அவனுக்கு?" என்று சுற்றிச் சுற்றி வருவார். இந்த வசந்தத்தில் கடை வாசலுக்கு ஒரு தடித்த திரை தைத்து மாட்டினார். கேட்டால் "ஈ வருது" என்றார். ஊரில் ஈ வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஜூலையில் ஒருநாள் எனக்கு டீ ஊற்றும்போது பார்த்தேன். கெண்டியின் மூக்கு பியாலாக் கிண்ணத்தின் விளிம்பில் பல் தந்தியடிப்பதுபோலக் கடகடத்தது. "தூக்கம் சரியில்ல வாத்தியாரே" என்றார். பள்ளியில் பூகோளம் சொல்லித்தருகிறவன் நான்; நிலநடுக்கத்தைப் பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். அன்று கத்தி என் தொண்டையில் இருந்த கால் மணி நேரமும் உயிர் உயிராக இல்லை. ஒரு கீறல்கூட விழவில்லை, உண்மைதான். ஆனால் மறுநாளே பிளாஸ்டிக் ரேசர் வாங்கி வீட்டிலேயே சவரம் செய்துகொள்ளத் தொடங்கினேன். யாரிடமும் இதைச் சொல்லாமல் இருந்ததை நட்பு என்று வேறு நினைத்துக்கொண்டேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கெண்டிக்கு வருகிறேன். ஒரே வகுப்பில் படித்த ஐந்து பேர் நாங்கள், மாதம் ஒருவர் வீட்டில் கூடுவோம். யார் வீடோ அவர் கையால்தான் டீ ஊற்ற வேண்டும். மகன், மருமகள் யாரும் தொடக் கூடாது. அதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒரு பியாலா ஊற்றி அதைத் திரும்பக் கெண்டிக்குள்ளேயே விட வேண்டும், மூன்று தடவை. பிறகுதான் விருந்தாளிக்கு. அதுவும் இரண்டு வாய்தான் ஊற்றலாம். குறைய ஊற்றினால் 'இரு, இன்னும் ஊற்றுகிறேன்' என்று பொருள். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். ஆக ஒரு மத்தியானத்துக்கு ஊற்றுகிறவர் கை ஐம்பது தடவையாவது கெண்டியைத் தூக்க வேண்டும், நாலு பேர் கண்ணெதிரே.

செப்டம்பர் ஹம்தமின் முறை. எங்களில் ஒருவர் நிஷான்பாய், ரொட்டி அடுப்பு வைத்திருக்கிறார். அவர் காதில் விழுந்த சேதி சூடான ரொட்டிக்கு முன்னால் வீடு வீடாகப் போய்விடும். உஸ்தாவுக்குக் கை ஆடுகிறது என்று ஒரு தடவை பஜாரில் பேச்சு எழுந்தால், அப்புறம் எந்தக் கழுத்தும் அந்த நாற்காலிக்கு வராது. இவ்வளவும் அவர் என்னிடம் சொன்னதில்லை. "பழைய கெண்டி மூக்கு ஒடைஞ்சுபோச்சு, நல்லதா ஒண்ணு பாக்கணும், கூட வா" என்றார், அவ்வளவுதான்.

அவருக்கு வேண்டியது உள்ளே சல்லடைக் கூடை வைத்த கெண்டி. தேயிலை கூடைக்குள் கிடக்கும், வெந்நீர் அதன் வழியே ஏறி இறங்கும். "அப்புறம் திருப்பித் திருப்பி ஊத்தற வேலையே இல்ல. இப்பல்லாம் அப்படித்தான்" என்று வழி முழுக்க எனக்குப் பாடம் நடத்தினார். கண்ணாடிக் கெண்டியை ஸனோபர் எடுத்தபோதே கையமர்த்தினார்; உள்ளே தண்ணீர் தளும்புவது வெளியே தெரியும். இன்னொன்றில் கூடை பாதி ஆழம்தான் இருந்தது. "நாலு பியாலா ஊத்தினதும் எல அந்தரத்துல தொங்கும், அடுத்த ஆளுக்கு வெறும் சுடுதண்ணிதான்" என்று தள்ளினார். அந்தக் குறை நிஜம்தான், அவர் சொன்னதில் பொய்யே இல்லை. கைப்பிடியில் நாலு விரலும் நுழைய வேண்டும். மூக்கிலிருந்து ஊற்றி நிறுத்தினால் கடைசிச் சொட்டு வயிற்றில் வழியக் கூடாது. கூடைமேல் மூடி இறுகி உட்கார வேண்டும்.

கடைசியில் நீலத்தில் வெள்ளைப் பருத்திக்காய் வரைந்த ஒன்று எல்லாவற்றிலும் தேறியது. பத்து எண்ணும்வரை மூடி வாய் திறக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த எஃகுக் கூடை டிக் டிக்கென்றது. ஹம்தமின் முகம் தொங்கிப்போனது. பிறகு பையிலிருந்து நூல்கண்டு ஒன்றை எடுத்தார். நூலோடு வந்திருக்கிறார் மனிதர்! கூடையின் கழுத்தில் பருத்தி நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிந்து உள்ளே இறக்கினார். சத்தம் அடங்கியது. "இதையே கட்டிக்குடு" என்றார்.

வெளியே வந்ததும் என் முகவாயைப் பார்த்து நின்றுவிட்டார். "இது யார் பண்ணின வேல?"

காலையில் பிளாஸ்டிக் ரேசர் போட்ட கோடு. "அவசரம். ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன்" என்றேன்.

"ஞாயித்துக்கெழமையா?"

நான் முகவாயைக் கையால் மறைத்தேன். அவர் என் கையை விலக்கினார். படிகாரத்தை எடுத்து நாக்கில் தொட்டு, பஜார் நடுவில் என் முகவாயைப் பிடித்துக் காயத்தில் தேய்த்துவிட்டார். அப்போது அவர் விரல் ஆடவில்லை. எரிச்சலில் நான் அதை யோசிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மஸ்தூராவுக்குத் தண்ணீர் டீதான். ஹம்தம் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தார். தொண்ணூற்றைந்தாம் நம்பர் பச்சைத் தேயிலை, இரண்டு சிட்டிகை, கொதி அடங்கிய நீர், நாலு நிமிடம். வடித்த இலையை வீணாக்க மனமில்லாமல் அதிலேயே மறுபடி மறுபடி வெந்நீர் விட்டு ஊற்றிப் பழகினார்.

ஞாயிறு மத்தியானம் அவர் முற்றத்தில் போட்ட அகலமான கட்டிலில் ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தோம். நடுவில் விரிப்பு, ரொட்டி, கற்கண்டு, திராட்சை. புதுக் கெண்டி வந்தது. ஹம்தம் நாலு நிமிடம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நேராகப் பியாலாவை எடுத்தார்.

"என்னப்பா, திருப்பி ஊத்தலியா?" என்றார் நிஷான்பாய். "மொதல்ல சேறு, ரெண்டாவது வெண்ணெய், மூணாவதுதான் டீன்னு ஒங்கப்பா சொல்லல? எங்களுக்குச் சேத்தையா குடுக்கப்போற?"

"இதுல கூடை இருக்கு. தேவையில்ல."

"மாப்ள இல்லாத கல்யாணமா இருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹம்தமின் நெற்றியில் வேர்வை. இரண்டு கையாலும் கெண்டியைப் பிடித்தார். மூடி பேசவில்லை, கூடை பேசவில்லை. ஊற்றினார், நிறுத்தவில்லை, பியாலா விளிம்பு முட்ட ஊற்றினார். அதை நிஷான்பாய் முன்னால் நகர்த்தினார்.

அவர் போட்ட கணக்கு எனக்குப் பிறகுதான் புரிந்தது. நிறைய ஊற்றினால் குறைந்த தடவை ஊற்றினால் போதும். மூன்று ஞாயிறு அலைந்து மூடியையும் மூக்கையும் யோசித்த மனிதர், நிறைந்த பியாலா என்ன சொல்லும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

நிஷான்பாய் அதைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. "புரிஞ்சுதுப்பா" என்றார் மெதுவாக. "ரெண்டு மாசமா நான் ஸ்டேஷன் பக்கத்துச் சலூனுக்குப் போறேன். ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு. கெளம்புன்னு வாயாலயே சொல்லியிருக்கலாம். நாப்பது வருஷம் பழகினவனுக்கு இப்படியா?" எழுந்து கட்டிலுக்குக் கீழே செருப்பைத் துழாவ ஆரம்பித்தார்.

"ஒக்காரு" என்றார் ஹம்தம்.

நிறைந்த பியாலாவை எடுத்தார். அது அவர் கையில் ததும்பிப் பாதி விரிப்பில் கொட்டியது. மிச்சத்தைக் கீழே வைத்துவிட்டு மூடியைத் திறந்து கூடையை நூலோடு வெளியே இழுத்தார். அதைக் கவிழ்த்து இலையைக் கெண்டிக்குள் தட்டினார். "கை ஆடுது" என்றார். "ஆறு மாசமா. நெறைய தடவ ஊத்தினா நீங்க பாத்துடுவீங்கன்னு ரொப்பி ஊத்திட்டேன். ஒன்னப் போகச் சொல்லலடா. நீ போயிட்டா நான் யார்ட்ட திட்டு வாங்கறது?"

பிறகு எல்லோரும் பார்க்கத் திருப்பி ஊற்றினார். கூடை போனதும் மூடி வாயைத் திறந்துகொண்டது, மூக்கு பியாலாவில் கடகடத்தது, விரிப்பெல்லாம் டீ. ஒரு தடவை. இரண்டு. மூன்று. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய பாடாக இருந்தது. எழுந்து கெண்டியை வாங்கிவிடலாமா என்று கை பரபரத்தது. வாங்கினால் அவர் செத்துவிடுவார் என்றும் தோன்றியது.

விருந்தாளிக்கு ஊற்றுகிற நேரம் வந்தது. ஒரு காலில் செருப்போடு நின்ற நிஷான்பாய் கட்டிலில் உட்கார்ந்து, யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். தன் பியாலாவைத் தானே கையில் எடுத்து உயர்த்தி, அதன் விளிம்பைக் கெண்டி மூக்கில் அழுத்திப் பிடித்தார். கடகடப்பு நின்றது. டீ இழையாக இறங்கியது.

"ரெண்டு வாய் போதும்" என்றார். "நான் இன்னும் ரொம்ப நேரம் இருக்கப்போறேன்." குடித்துவிட்டு, விரிப்பைப் பார்த்தபடி சொன்னார்: "நானும் பாத்தேன், ஜூலையிலயே. பயந்துபோய்த்தான் அங்க போனேன். ஆனா யார்ட்டயும் சொல்லல. இந்த வாய் சொல்லாத ஒரே சேதி அதுதான்."

மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் கன்னங்களை அப்போதுதான் கவனித்தேன். என்னுடையதைப்போலவே கோணல்மாணலாக இருந்தன. எல்லோரும் பியாலாவை உயர்த்திப் பிடித்துத்தான் டீ வாங்கினோம்.

புறப்படும்போது வாசலில் நின்று ஹம்தம் கேட்டார்: "நாளைக்கு யாராவது வருவீங்களா?" டீக்குப் பியாலா பிடிப்பது வேறு, கத்திக்குக் கழுத்து கொடுப்பது வேறு. நிஷான்பாய்கூட வானத்தைப் பார்த்தார். "பாக்கலாம்ப்பா" என்று யாரோ முனகினார்கள். நானாகவும் இருக்கலாம்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் என் கால்கள் இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தன. கடையில் திரை தொங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சு காலி. சல்லடைக் கூடை ஓர் ஆணியில் தொங்கியது, அதற்குள் சவர பிரஷ் காய்ந்துகொண்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அவசரமா வாத்தியாரே?"

"இல்ல."

வெந்நீரைத் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தார். நுரை பூசினார். கத்தியை விரித்தார். அது காற்றில் ஆடியது, கண்ணாடிக்குள்ளும் ஆடியது. என் தொண்டை தானாக ஒரு தடவை விழுங்கிக்கொண்டது. கண்ணாடியில் அவர் அதைப் பார்த்தார், அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஹம்தம் வாசலுக்குப் போனார். திரையை அள்ளிச் சுருட்டி, மேலே தூக்கி ஒரு முடிச்சுப் போட்டார். வெயிலும் தெருவும் உள்ளே வந்தன. எதிரே ரொட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நிஷான்பாய் வண்டியோடு நின்றுவிட்டார். ஹம்தம் என் நாற்காலியைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, பஜாரைப் பார்க்கத் திருப்பினார். கத்தியை எடுத்தார். சுண்டுவிரலை என் கன்னத்தில் ஊன்றினார்; பியாலாவில் ஊன்றிய கெண்டி மூக்குபோலக் கத்தி ஆட்டம் நின்றது.

நான் முகவாயைத் தூக்கினேன்.